செவ்வாய்க்குக் குடிபோகிறவர்கள்

நாவல் எழுதுகிறவர்களுக்குச் சற்று ஆறுதல் தரக்கூடிய செய்தி ஒன்று உண்டு. செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதர்களை அனுப்புவதைப் பற்றி எஞ்சினீயர் ஒருவர் கணக்கும் அட்டவணையுமாகப் போட்ட முதல் பெரிய திட்டம், பிரசுரகர்த்தர்கள் திருப்பி அனுப்பிவிட்ட ஒரு நாவலின் வாலாகத்தான் பிறந்தது. எழுதியவர் வெர்னர் வான் பிரவுன். இரண்டாவது உலக யுத்தத்தில் ஹிட்லருக்கு வி-2 ராக்கெட் செய்து கொடுத்து, யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டவர். டெக்ஸாஸ் மாகாணத்தில் ஒரு ராணுவ முகாமில் இருந்த நாட்களில், 1948, 49-ஆம் வருஷங்களில், செவ்வாய்ப் பிரயாணத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். பத்துக் கப்பல்கள், எழுபது பேர். கதையில் வரும் விஞ்ஞானம் வெறும் கயிறு திரிப்பு அல்ல என்று காட்டுவதற்காகக் கடைசியில் கணக்குகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். நாவலை யாரும் சீந்தவில்லை. பின்னிணைப்பு மட்டும் 1952-ல் ஜெர்மன் மொழியிலும், அடுத்த வருஷம் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்து பேர் வாங்கியது. நாவல் அச்சேறியது 2006-ல். ஆசிரியர் இறந்து அப்போது இருபத்தொன்பது வருஷங்கள் ஆகியிருந்தன.

பிரசுரகர்த்தர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாவல் சுமார்தான். பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒருவருக்கொருவர் உபந்நியாசம் செய்துகொள்கிறார்கள். செவ்வாயில் நம்மைப் போன்ற ஜனங்கள் பூமிக்கடியில் நகரம் அமைத்து நாகரிகமாக வாழ்கிறார்கள். அவர்களுடைய தலைவரின் பதவிக்குப் பெயர் 'ஈலான்'. இன்று செவ்வாய்க் குடியேற்றத்தைப் பற்றி உலகத்திலேயே உரக்கப் பேசுகிற கோடீஸ்வரரின் பெயரும் அதுவே என்பது வேடிக்கையான பொருத்தம். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது வேறு. மோசமான நாவல்தான் என்றாலும், அதை ஒதுக்கிவிட்டுப் பின்னிணைப்பை மட்டும் வைத்துக்கொண்டபோது அதிலிருந்த மனிதர்களையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். அதன்பிறகு வந்த செவ்வாய்த் திட்டங்களில் என் கைக்குக் கிடைத்தவற்றை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் பின்னிணைப்புகளாகவே இருக்கின்றன. எத்தனை டன், எத்தனை நாள், எவ்வளவு எரிபொருள் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கிறது. யார் போகிறான், ஏன் போகிறான், போன இடத்தில் யார் சொன்னதைக் கேட்க வேண்டும் என்பது இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வி-2 ராக்கெட்டுகளைச் செய்தவர்கள் யார்? மலையைக் குடைந்த சுரங்கத் தொழிற்சாலையில், டோரா என்ற முகாமின் கைதிகள். அந்த முகாமிலும் அதன் கிளைகளிலும் சுமார் இருபதாயிரம் பேர் மாண்டுபோனார்கள். கூலியில்லாத உழைப்பு எப்படி இருக்கும் என்பதை வான் பிரவுன் அறியாதவரல்ல. அந்தத் தொழிற்சாலைக்குள் போய் வந்தவர். அவருடைய திட்டத்தில் உழைப்பாளியைப் பற்றிப் பேச்சே இல்லாமல் போனதை நினைத்தால் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

திருப்பூர்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பனியனைப் பற்றி எழுதாமல் செவ்வாயைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். கொங்கு நாடு ஆகாயத்துக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. சந்திரயான்-1 திட்டத்தை நடத்தி, பிறகு மங்கள்யானிலும் பெரும் பங்கு கொண்ட மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்ற கிராமங்களில் கிடைக்கும் ஒருவகைப் பாறை, சந்திரனின் மேட்டு நிலத்து மண்ணை ஒத்திருக்கிறது. சந்திரயான் கலங்களை இறக்கிப் பழகுவதற்காக அதைப் பொடித்து ஐம்பது டன் அளவுக்குப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரனில் இறங்கியபோது அதற்கு முன்பே அதன் கால்கள் நம் ஊர் மண்ணில் பழகியிருந்தன என்று சொல்லிக்கொள்ளலாம்.

குடியிருப்பு விஷயத்திலும் நம் தேசம் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரும் இஸ்ரோவும் சேர்ந்து 2020-ல் சந்திர மண்ணைப் போன்ற பொடியிலிருந்தும், 2022-ல் செவ்வாய் மண்ணைப் போன்ற பொடியிலிருந்தும் செங்கல் செய்து காட்டினார்கள். சூளை கிடையாது. மண்ணோடு யூரியாவும் ஒருவகைப் பாக்டீரியாவும் கொத்தவரை விதையின் பிசினும் சேர்த்தால் கிருமியே மண்ணைக் கெட்டிப்படுத்திக் கல்லாக்கிவிடுகிறது. யூரியா நம் விவசாயிக்குத் தெரிந்த சரக்கு; கொத்தவரைப் பிசின் துணி அச்சிடுகிறவர்களுக்குப் பழக்கமான சரக்கு. செவ்வாயில் வீடு கட்டுவதற்கு வேண்டிய சாமான்கள் காங்கேயம் ரோட்டிலேயே கிடைக்கும்போலிருக்கிறதே என்று எண்ணி மகிழ்ந்தேன். 2035-க்குள் நமக்கென்று ஆகாயத்தில் ஒரு நிலையம், 2040-க்குள் சந்திரனில் ஓர் இந்தியர் என்று சர்க்கார் குறி வைத்திருக்கிறது. இதெல்லாம் நல்ல காரியந்தான். ஆளை அனுப்பித் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்வது வேறு, குடியேற்றுவது வேறு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

அந்த இரண்டாவதற்கு இன்றைய பிரதான நூல் என்று சொல்லத்தக்கது ஈலான் மஸ்க் 2016 செப்டம்பரில் மெக்ஸிகோ தேசத்துக் குவாதலஹாரா நகரில் செய்த பிரசங்கம். மறு வருஷம் கட்டுரையாகவும் வந்தது. நடை நன்றாக இருக்கிறது. ஒளித்து மறைத்துப் பேசவில்லை. ஒரு கப்பலில் நூறு பேர் போகலாம். நாற்பதிலிருந்து நூறு வருஷத்துக்குள் பத்து லட்சம் பேர் செவ்வாயில் தன் காலில் நிற்கிற நகரமாகிவிடலாம். ஒருவருக்கு டிக்கெட் இரண்டு லட்சம் டாலர் அளவுக்கு இறங்கிவிட வேண்டும். முதலில் போகிறவர்கள் சாவதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். கப்பலில் சினிமா உண்டு, பிரசங்க மண்டபம் உண்டு, எடையில்லாமல் மிதந்து விளையாட இடம் உண்டு, ஹோட்டலும் உண்டு.

ஹோட்டல் என்று வாசித்ததும் நான் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். ஹோட்டல் உண்டு, சர்வர் எங்கே? சமையற்காரன் எங்கே? அவனும் இரண்டு லட்சம் டாலர் கொடுத்து வந்தவனா? எச்சில் தட்டை எடுப்பதற்கு அவ்வளவு பணம் கொடுத்து ஒருவன் வருவானா? இது குதர்க்கமல்ல. ஒரு நாவலில் பெரிய வீடு ஒன்று வந்தால் அதைப் பெருக்குகிறவள் யார் என்று ஆசிரியனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் போகலாம். ஆனால் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வீடு பொய்யாகிவிடும்.

துணி விஷயம் பனியன் ஊர்க்காரனான எனக்கு இன்னும் உறுத்துகிறது. பூமியைச் சுற்றிவரும் சர்வதேச நிலையத்தில் துணி துவைக்க வழியில்லை. தண்ணீர் அத்தனை அருமை. போட்டுக்கொண்ட பனியனையே பல நாள் போட்டுக்கொண்டு, நாற்றம் தாங்காமல் போனதும் குப்பைக் கலத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அது வாயுமண்டலத்தில் நுழையும்போது எரிந்துபோகிறது. ஒருவருக்கு வருஷத்துக்குச் சுமார் 70 கிலோ துணி இப்படிச் செலவாகிறதாம். ஏற்றுமதிக்காரர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படலாம். பத்து லட்சம் பேர் ஊரில் இது நடக்காது. அங்கே துவைக்கத்தான் வேண்டும். அப்படியானால் துவைக்கிறவர் ஒருவர் வேண்டும், துவைத்த தண்ணீரைச் சுத்தம் செய்கிறவர் ஒருவர் வேண்டும், சுத்தம் செய்யும் யந்திரம் நின்றுபோனால் பாதி ராத்திரியில் எழுந்து போகிறவர் ஒருவர் வேண்டும். இவர்கள்தாம் ஊர். ராக்கெட்டிலிருந்து முதலில் இறங்கிக் கொடி நாட்டுகிறவர் ஊரல்ல.

இயற்கை அங்கே எப்படியென்று வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற காற்றும் பெரும்பாலும் கரியமில வாயு. குளிர் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி. மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு கலந்து கிடக்கிறது. கப்பல் புறப்படத் தோதான காலம் இருபத்தாறு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். ஒரு வார்த்தை சொன்னால் பூமிக்கு வந்து சேர மூன்று நிமிஷத்திலிருந்து இருபத்திரண்டு நிமிஷம்வரை ஆகும். அந்தக் கரியமில வாயுவிலிருந்து பிராணவாயு எடுக்கலாம் என்பதை அமெரிக்கர்களின் கருவி ஒன்று 2021-லிருந்து 2023-க்குள் பதினாறு தடவை செய்து காட்டிவிட்டது. உண்மையிலேயே பெரிய சாதனை. பதினாறு தடவையிலும் சேர்த்துக் கிடைத்த பிராணவாயு 122 கிராம். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு 800 கிராமுக்கு மேல் வேண்டும்.

இடையில் ஹாலந்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. 2012-ல் 'மார்ஸ் ஒன்' என்ற பெயரில், திரும்பி வராத பிரயாணத்துக்கு ஆள் சேர்த்தார்கள். செலவை டெலிவிஷன் நிகழ்ச்சியில் ஈட்டிக்கொள்வதாகச் சொன்னார்கள். 2015-ல் நூறு பேரைப் பொறுக்கினார்கள். அதில் இந்தியர் மூவர். அந்தத் திட்டத்தின்படி போனால் அறுபத்தெட்டாம் நாள் முதல் சாவு விழும் என்று எம்.ஐ.டி. மாணவர்கள் 2014-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கூரைக்குள்ளே பயிர் வைத்தால் பிராணவாயு அளவுக்கு மீறிப் பெருகும், அதை வெளியேற்றப்போய் உள்ளே இருக்கிற காற்றே குறைந்துவிடும் என்பது அவர்கள் கண்டது. 2019-ல் கம்பெனி திவாலாயிற்று. இதைப்பற்றி அதிகம் பேசுவது வீண்.

திருப்பூருக்கு வருவோம். மூடிய கூரைக்குள் தண்ணீரைத் திருப்பித் திருப்பி உபயோகித்துப் பிழைப்பது எப்படி என்ற பாடத்தை உலகத்தில் அடிபட்டுக் கற்ற ஊர்கள் சில இருக்குமானால் அவற்றில் இது ஒன்று. சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் ஓடிய காலம் இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆற்றில் அன்றைக்கு எந்த நிறம் ஓடுகிறது என்று பார்த்து, இந்தப் பருவத்தில் வெள்ளைக்காரன் எந்த நிறச் சட்டை போடப்போகிறான் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத் தண்ணீர் தேங்கிற்று. தண்ணீரைத் திறந்துவிடு என்று போராடுவது நம் நாட்டு விவசாயியின் வழக்கம். திறந்துவிடாதே என்று விவசாயிகள் கெஞ்சிய அணை அது. கீழ்ப்பாசனத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக்கணக்காக வழக்கு நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லிற்று. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஊர் ஸ்தம்பித்தது.

ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடுவதில்லை என்ற ஏற்பாட்டுக்கு மாறிய பிறகுதான் பட்டறைகள் மறுபடி திறந்தன. இப்போது சாயத் தண்ணீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. கிருமிகள் அழுக்கைத் தின்கின்றன. பிறகு மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கிறார்கள். மிஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர் பட்டறைக்கே திரும்பி வந்துவிடுகிறது. மேலே சுற்றும் சர்வதேச நிலையத்தில் 2023-ல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டை எட்டினார்கள். அங்கே இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். இங்கே ஒரு நகரம். திருப்பூர்க்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் காய்ச்சிய பிறகு அடியில் ஒன்று தங்குகிறது. பலவகை உப்பும் கசடும் கலந்த ஒரு சாமான். சுத்தமான உப்பைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே உபயோகித்துவிடலாம், இது அப்படிப்பட்டதல்ல. எரிக்க முடியாது, புதைக்க முடியாது, விற்க முடியாது. மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொட்டகையில் அடுக்கி, மழைத் தண்ணீர் படாமல் காக்க வேண்டும். அந்த அடுக்கைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். வட்டம் முழுசாக மூடுவதே இல்லை. எங்கோ ஓர் இடத்தில் ஒரு மூட்டை மிஞ்சுகிறது. செவ்வாய்த் திட்டங்களில் தண்ணீரைச் சுற்றவிடும் படம் வட்டமாக, அம்புக்குறிகளோடு, அழகாக இருக்கிறது. அந்த மூட்டையை எங்கும் காணோம்.

இதைவிட முக்கியமானது, திருப்பூரில் இந்த ஏற்பாடு எஞ்சினீயருக்குத் தானாக உதித்ததல்ல என்பது. கீழே ஒரு விவசாயி இருந்தான். அவனுக்கு ஊருக்கு வெளியே ஒரு கோர்ட் இருந்தது. பட்டறை முதலாளிக்கும் அந்த நீதிபதிக்கும் சம்பந்தமில்லை. செவ்வாயில் ஒரே கூரைக்குள் தண்ணீர் கெட்டுப்போனால் யார் எந்த வாசற்படி ஏறுவது? 1967-ஆம் வருஷத்து சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, இந்தியாவும் கையெழுத்திட்டது. எந்த ராஜ்யமும் கிரகங்களைச் சொந்தம் கொண்டாடக் கூடாது. தன் நாட்டுக் கம்பெனிகள் அங்கே செய்கிறதற்கு அந்த ராஜ்யமே பொறுப்பு. மஸ்க்கின் கம்பெனியோ 2020-ல் தன் இணையச் சேவைக்கு வாடிக்கைக்காரர்களிடம் சம்மதம் வாங்கிய ஒப்பந்தப் படிவத்தில், செவ்வாய் ஒரு சுதந்திரக் கிரகம், பூமியிலுள்ள எந்த அரசாங்கத்துக்கும் அங்கே அதிகாரமில்லை, தகராறுகள் அங்கேயே ஏற்படுத்திக்கொள்ளும் விதிகளின்படி தீர்க்கப்படும் என்று ஒரு பகுதியைச் சேர்த்திருந்தது. வேடிக்கைக்கு எழுதியிருக்கலாம். ஆனால் சுதந்திரம் என்ற சொல்லை முதலாளி எழுதும்போது, அது யாருடைய சுதந்திரம் என்று கேட்கும் பழக்கம் நம்மைப் போன்றவர்களுக்கு உண்டு.

மஸ்க் தம் பிரசங்கத்தில் இன்னொன்றும் சொன்னார். செவ்வாயில் வெகு காலத்துக்கு ஆள் பற்றாக்குறை இருக்கும். ஆகவே வேலைக்குப் பஞ்சமே இராது. வாசித்ததும் திருப்பூர்ச் சந்துகளில் கதவுக்குக் கதவு தொங்கும் 'ஆட்கள் தேவை' அட்டைகள் ஞாபகம் வந்தன. டெய்லர் தேவை, கைமடி தேவை, செக்கிங் தேவை. 2020 ஜனவரியில், பணமில்லாதவர்கள் எப்படிப் போவது என்ற பேச்சு வந்தபோது, கடன் கிடைக்கும் என்றார்; போனபின் அங்கே வேலை நிறைய இருக்கும் என்றும் சொன்னார்.

என் நண்பர் ஒருவர் கைமடியாகச் சேர்ந்து டெய்லராகி, இன்று எட்டு மிஷின் வைத்துச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார். அவரிடம் இதையெல்லாம் விவரித்தேன். ராக்கெட்டின் உயரத்தைப் பற்றிச் சொன்னபோது மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடன் கொடுத்துக் கூட்டிப்போவார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, போனவனுக்கு அங்க ஒத்து வர்லீன்னா என்ன பண்றதுங்க?"

"இருபத்தாறு மாசத்துக்கு ஒருக்காத்தான் வழிங்க. திரும்பற கப்பல்ல எடமிருக்கும்னு சொல்றாங்க."

"அது செரீங்க. பக்கத்துக் கம்பெனிக்குப் போலாமில்லீங்களா?"

"பக்கத்துல ஏதுங்க கம்பெனி? ஒரே கம்பெனிதான்."

"ஊடு?"

"கம்பெனி ஊடுதானுங்க."

"சோறு தண்ணி?"

"அதும் கம்பெனிதான்."

"காத்து?"

"கம்பெனி மிஷின்ல பண்றதுதானுங்க."

அவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்பறம் சம்பளம்னு ஒண்ணு எதுக்குங்க?" என்றார்.

ராக்கெட் விஞ்ஞானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முன்பணத்தைப் பற்றித் தெரியும். இந்தப் பக்கத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது நினைவிருக்கும். ஏழைக் குடும்பத்துப் பெண் மூன்று வருஷம் மில்லுக்குள்ளேயே விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும்; முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. காகிதத்தில் பார்த்தால் இதைவிடக் கருணையான திட்டம் இருக்க முடியாது. தங்க இடம், சாப்பாடு, பாதுகாப்பு, சேமிப்பு எல்லாம் அதில் உண்டு. நடுவில் உடம்புக்கு முடியாமல் வெளியேறியவள் கைக்கு என்ன வந்தது, வாசற் கதவின் சாவி யாரிடம் இருந்தது என்பதெல்லாம் காகிதத்தில் இல்லாத சங்கதிகள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தது. கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது குற்றம் என்று நம் தேசத்துச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் செவ்வாய்க்குப் போகிற கப்பலில் ஏறுமா?

தமிழனுக்கு இது புதுக் கதையுமல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்கள் கங்காணியின் முன்பணத்தில்தான் போனார்கள். வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் கணக்கில் ஏறிற்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பாக்கிக் கடனைக் குறித்த 'துண்டு' கூடவே போக வேண்டும். அந்த முறை 1921-ல்தான் ஒழிந்தது. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் அந்தத் தோட்டத்தைத்தான் எழுதினார். தோட்டத் துரைமார் வைத்திருந்த கணக்குப் புத்தகத்தில் ஏக்கரும் மகசூலும் சரியாகத்தான் இருந்திருக்கும். கணக்குப் புத்தகத்தில் இல்லாத மனுஷியை எழுத ஒரு கதாசிரியன் வேண்டியிருந்தது.

நண்பரின் பக்கத்துக் கம்பெனிக் கேள்வி சாதாரணமாகப் படலாம். திருப்பூர்த் தொழிலாளியின் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அது. சனிக்கிழமை கணக்குத் தீர்த்துக்கொண்டு திங்கட்கிழமை வேறு கம்பெனி வாசலில் போய் நிற்கலாம். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. நூற்றிருபத்தேழு நாள் மிஷின் நின்றால் கம்பெனி நஷ்டப்படும், தொழிலாளி பட்டினி கிடப்பான், மூச்சு நிற்காது. செவ்வாயில் பிராணவாயு யந்திரத்தில் வேலை செய்கிறவன் வேலைநிறுத்தம் செய்தால் தானும் சாவான். பிள்ளை குட்டிகளும் சாகும். ஆகவே அவன் செய்ய மாட்டான். செய்ய மாட்டான் என்பது முதலாளிக்கும் தெரிந்திருக்கும். அந்த ஊரின் அரசியல் முழுவதும் இந்த ஒரு விஷயத்திலேயே அடங்கிவிடுகிறது. திட்டம் போட்டவர்களோ அரசியலைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பீகார், ஒரிஸா, ஜார்க்கண்ட் ஆட்கள் இங்கே அறைகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். வேலை இல்லை, கூலி இல்லை. மே மாதத்தில் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். ரயிலுக்குக் காத்திராமல் நடக்கத் தொடங்கியவர்களும் உண்டு. அது அவமானமான காட்சி, மறுக்கவில்லை. ஆனாலும் நடந்தால் என்றைக்காவது போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அவர்களுக்கு ஓர் ஊர் இருந்தது.

குடியேற்றக்காரர்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பூமியில் என்றாவது ஒரு பெரிய விபத்து நேர்ந்தால் மனித ஜாதி அடியோடு அழிந்துபோகாமல் இன்னொரு வீடு வேண்டும் என்கிறார்கள். பெரிய எண்ணம், ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனித ஜாதியைக் காப்பாற்றுகிறேன் என்கிறவர்கள் மனிதன் எப்படிப்பட்டவன் என்று கொஞ்சம் விசாரித்திருக்கலாம். 1991-லிருந்து 93 வரை அரிஸோனாவில் 'பயோஸ்பியர் 2' என்ற கண்ணாடி மாளிகைக்குள் எட்டுப் பேர் இரண்டு வருஷம் அடைபட்டு வாழ்ந்து பார்த்தார்கள். உள்ளேயே பயிர், உள்ளேயே ஆடு கோழி. மண்ணிலிருந்த கிருமிகள் பிராணவாயுவைத் தின்றுவிட, அது நூற்றுக்கு இருபத்தொன்றிலிருந்து பதினாலரைக்கும் கீழே இறங்கிற்று. வெளியிலிருந்து பிராணவாயு செலுத்த வேண்டியதாயிற்று. விஞ்ஞானிகள் இதைத்தான் ஆராய்கிறார்கள். எனக்கு ருசிக்கிற விஷயம் வேறு: அந்த எட்டுப் பேரும் நாலு நாலாகப் பிரிந்து இரண்டு கட்சியானார்கள். ஒரே கூரை, ஒரே பசி, ஒரே காற்று. முகம் கொடுத்துப் பேச்சில்லை. நம் கூட்டுக் குடும்பங்களில் வாழ்ந்த எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பாள். அவர்களுக்காவது கதவைத் திறந்தால் அரிஸோனா இருந்தது.

கதாசிரியர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. அமெரிக்கரான கிம் ஸ்டான்லி ராபின்ஸன் 1992-ல் எழுதிய 'ரெட் மார்ஸ்' நாவலில், முதலில் போன நூறு பேருக்குள் பூசலும் காதலும், பின்னால் வந்த கம்பெனிகளும், கடைசியில் கலகமும் இருக்கின்றன. பாறைகளை வர்ணிப்பதில் பொறுமையைச் சோதிப்பார், சகித்துக்கொண்டு படிக்கலாம். 2023-ல் கெல்லி வீனர்ஸ்மித், ஸாக் வீனர்ஸ்மித் தம்பதிகள் எழுதிய 'எ சிட்டி ஆன் மார்ஸ்' நாவலல்ல, விசாரணை. ஆசையோடு ஆரம்பித்துச் சந்தேகத்தில் முடிந்தவர்கள். கம்பெனி ஊர்களைப் பற்றி அவர்கள் எழுதியிருக்கும் பக்கங்களைத் திருப்பூரில் யாராவது தமிழாக்கினால் இங்கே வாசகர்கள் தாராளமாகக் கிடைப்பார்கள்.

பிள்ளைகள் விஷயம் ஒன்று பாக்கி. குடியேற்றம் என்றால் அங்கே குழந்தை பிறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது ஊரல்ல, லாட்ஜ். செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு. அப்படிப்பட்ட இடத்தில் கருவாகி, வளர்ந்து, பிறந்த குழந்தை இதுவரை ஒன்றும் இல்லை. பிறந்து வளர்ந்தால் அதன் எலும்பு அந்த ஈர்ப்புக்குப் பழகிய எலும்பாக இருக்கும். அப்பன் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கிப் போனவன். அவனுக்குத் தெரிந்து செய்த காரியம். மகள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பதினெட்டு வயதில் அவள் பாட்டி ஊரைப் பார்க்க வேண்டும், கடலைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் இடம் கேட்டு அவள் யாரிடம் விண்ணப்பிப்பாள், அந்த டிக்கெட் யார் கணக்கில் ஏறும், வந்து இறங்கினால் அவளால் எழுந்து நிற்க முடியுமா என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிய குடியேற்றத் திட்டம் எதையும் நான் இன்னும் வாசிக்கவில்லை.